டோஃபுவை எடை போட்ட ஐந்து சனிக்கிழமைகள்

காவேரிப்பட்டினத்தில் எனக்கு மோட்டார் காயில் கட்டும் பட்டறை. சமையல் எனக்குத் தொழிலும் இல்லை, பொழுதுபோக்கும் இல்லை. ஆனால் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. எந்த மோட்டார் வந்தாலும் பிரித்த கையோடு நோட்டில் எழுதிவிடுவேன். எத்தனை ஸ்லாட், எத்தனை சுற்று, கம்பி என்ன கேஜ், உருவிய பழைய செம்பு எவ்வளவு எடை, எல்லாம். அதே மோட்டார் ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தால் என்ன செய்தோம் என்று தெரிய வேண்டுமே. அந்த நோட்டின் பின்பக்கத்தில் இப்போது ஐந்து வாரத்து டோஃபு கணக்கு இருக்கிறது. டோஃபு என்றால் சோயாப் பாலைத் திரித்துச் செய்யும் பன்னீர் மாதிரிக் கட்டி. அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பாப்பா, என் மகள், பெங்களூரில் வேலை பார்க்கிறாள். இந்தப் பொங்கலிலிருந்து பால், தயிர், நெய், முட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். கறி அதற்கு முன்பே போச்சு. சனிக்கிழமை மதியம் வந்து ஞாயிறு சாயங்காலம் திரும்புவாள். என் மனைவிக்குச் சனிக்கிழமையும் ஓசூரில் ஷிஃப்ட் உண்டு, வீடு வர ஏழு மணி ஆகும். ஆக மதியச் சமையல் அம்மா, இல்லையென்றால் நான். அம்மா மாடு வைத்திருக்கிறார், காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார். "பால் வேணாங்கிறா, தயிர் வேணாங்கிறா. நம்ம லட்சுமி இவளுக்கு என்னாடா பண்ணுச்சு?" என்பது அவர் கேள்வி. பதில் சொல்ல நான் முயன்றதில்லை.

யோசித்துப் பார்த்தால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டில் முக்கால்வாசி பாப்பாவின் கணக்கில் முன்பே பாஸ்தான். ராகி களி, கீரைக் கடைசல், புளிக்குழம்பு, கொள்ளு ரசம், நிலக்கடலைச் சட்னி. எதிலும் பால் கிடையாது. கடைசியில் ஊற்றும் தயிரும், தாளிக்கும் நெய்யும்தான் தகராறு. ஆனால் அவள் கேட்டது வேறு. அங்கே அறையில் தோழிகளோடு செய்வார்களாம், டோஃபு ஸ்டிர் ஃப்ரை, அதாவது பெரிய தீயில் காயோடு சட்டென்று வறுத்துப் பிரட்டுவது. "பதினஞ்சே நிமிஷம்பா, அடுப்புல போட்டு நாலு கிளறு, அவ்வளவுதான்" என்றாள். அந்தப் பதினைந்து நிமிடம்தான் என்னை இழுத்துவிட்டது.

முதல் சனி

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒரு கடையில் டோஃபு என்று கேட்டேன். கடைக்காரர் விழித்தார். அப்புறம் "சோயா பன்னீரா?" என்று குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நம் பக்கம் அந்தப் பெயரில் கேட்டால்தான் கிடைக்கும். 200 கிராம் பாக்கெட். பின்பக்கம் படித்தேன்: சோயா, தண்ணீர், 516. ஏதோ மாடல் நம்பர் போலிருக்கிறது என்று நினைத்தேன். 516 என்பது கால்சியம் சல்பேட், அதாவது ஜிப்சம். பால் திரிய எலுமிச்சை பிழிவது மாதிரி சோயாப் பாலைத் திரிப்பதற்கு அது. ஃபால்ஸ் சீலிங் பலகைக்குள் இருப்பதும் அந்த ஜிப்சம் இனம்தான். இதை அம்மாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பன்னீர் மாதிரி இருக்கிறது, பன்னீர் மாதிரியே செய்வோம் என்று பாக்கெட்டைப் பிரித்தேன். துண்டு போட்டேன். இரும்பு வாணலியில் செக்கு கடலை எண்ணெய் ஊற்றி, காய்ந்ததும் எல்லாவற்றையும் ஒரே தடவையாகக் கொட்டினேன். தீபாவளி மாதிரி வெடித்தது. கையில் மூன்று இடத்தில் சூடு. இரண்டு நிமிடம் கழித்துக் கரண்டியை விட்டால் அடி முழுக்க ஒட்டிக்கொண்டு வரவே இல்லை. சுரண்டச் சுரண்ட உதிர்ந்தது. அதன்மேல் கேரட், பீன்ஸ், கோசு, குடைமிளகாய் எல்லாவற்றையும் போட்டேன். காய் எல்லாம் தண்ணீர் விட்டது. கடைசியில் வந்தது ஒரு கூட்டு. நறுக்கியதில் தொடங்கி ஆன நேரம் 1 மணி 10 நிமிடம்.

அம்மா எட்டிப் பார்த்தார். "முட்டைப் பொரியல்னு சொல்லிக் குடுத்துடு" என்றார். பாப்பா முழுவதையும் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு "டேஸ்ட் நல்லாத்தாம்பா இருக்கு" என்றாள். அந்தத் 'தான்' எனக்குப் புரிந்தது.

இரண்டாவது சனி

அந்த வாரம் முழுக்க மண்டைக்குள் அந்த வெடிச்சத்தம்தான். எண்ணெயில் வெடித்தது என்றால் உள்ளே தண்ணீர். இது எனக்குப் பழகிய வியாதி. தென்பெண்ணையில் தண்ணீர் கூடுதலாக வரும்போதெல்லாம் ஆற்றோரத்தில் தண்ணீர் இறைக்கும் மோனோபிளாக் மோட்டார்கள் முழுகிப்போய்ப் பட்டறை வாசலில் வரிசை கட்டும். ஈரக் காயிலுக்கு அப்படியே கரண்ட் கொடுத்தால் அடுத்த நிமிடம் புகை. முதலில் காய வைக்க வேண்டும். வெயிலில் வைப்போம், உள்ளே 200 வாட் பல்பு எரிய விடுவோம், காயிலில் கரண்ட் கசிகிறதா என்று காட்டும் மெக்கர் மீட்டரை வைத்துப் பார்த்து முள் ஏறினால்தான் அடுத்த வேலை. டோஃபுவை நான் காய வைக்காமலே கரண்ட் கொடுத்திருக்கிறேன்.

கணக்குப் போட்டும் பார்த்தேன். சட்டியில் தண்ணீர் இருக்கும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. சிவக்க வேண்டும் என்றால் 140-க்கு மேல் வேண்டும். கொதிக்கும் தண்ணீர் 1 கிராம் ஆவியாகப் போக 2,260 ஜூல் அளவுக்குச் சூடு வேண்டும். 30 கிராம் தண்ணீர் என்றால், நொடிக்கு 1,000 ஜூல் தரும் 1,000 வாட் ஹீட்டர் ஒரு நிமிடத்துக்கு மேல் வேறு எந்த வேலையும் பார்க்காமல் அதற்கே எரிய வேண்டும். வீட்டு கேஸ் அடுப்பின் சூட்டில் ஒரு பங்குதான் சட்டிக்குள் போகிறது, மீதி பக்கவாட்டில் ஓடிப்போகிறது. ஆக டோஃபு தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்வரை வறுபடாது. வேகும், அவ்வளவுதான்.

பட்டறையிலிருந்து செம்பு எடை போடும் டிஜிட்டல் தராசைத் துடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பாக்கெட்டிலிருந்து எடுத்து மேல் தண்ணீர் வடிந்ததும் 200 கிராம். வெள்ளைத் துணியில் சுற்றி, தட்டில் வைத்து, மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தேன். குழவி நாலரைக் கிலோ. பத்து நிமிடத்தில் ஒரு பக்கம் சாய்ந்து, டோஃபு ஓரத்தில் வெடித்துவிட்டது. உருண்டையான பாரம் இதற்கு ஆகாது. அப்புறம் டோஃபு மேலே ஒரு தட்டையான தட்டு, அதன்மேல் 2 கிலோ ராகி மாவு டப்பா. அரை மணி நேரம். எடுத்து எடை போட்டால் 171 கிராம். துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. 29 கிராம் போயிருக்கிறது. நோட்டில் எழுதும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமையில் அடுத்த தப்பைச் செய்தேன். டோஃபு சப்பென்று இருக்கிறதே, ஊற வைத்தால் உள்ளே சுவை ஏறும் என்று சோயா சாஸ், தேன், மிளகாய்த்தூள் கலந்து ஒரு மணி நேரம் ஊறப்போட்டேன். பிழிந்த ஈரத்தை வேறு பெயரில் திரும்பக் கொடுத்தது போல ஆயிற்று. சட்டியில் போட்டதும் தேன் முதலில் கருகியது, அதோடு சாஸ் கருகியது, டோஃபு உள்ளே வெள்ளையாகவே இருந்தது. ஒரு துண்டை வெட்டிப் பார்த்தேன். ஒரு மணி நேர ஊறலில் சாஸ் ஒரு மில்லிமீட்டர்கூட உள்ளே போகவில்லை. மேல்தோல் மட்டும் பழுப்பு. டோஃபு பஞ்சு மாதிரி உறிஞ்சும் என்று சொல்பவர்கள் வெட்டிப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

அதைவிடப் பெரிய தப்பு வேறு. பாப்பா வந்தவுடன் "சாஸ்ல என்னப்பா போட்ட?" என்றாள். பெருமையாகச் சொன்னேன், மலைத்தேன் என்று. முகம் மாறியது. தேனும் ஆகாதாம். அதுவும் ஒரு ஜீவன் சேர்த்து வைத்ததாம். பால் கணக்கு எனக்குத் தெரியும், தேன் கணக்கு தெரியாது. அன்றைக்கு அவள் ரசமும் சோறும் சாப்பிட்டாள். தீய்ந்த டோஃபுவை நானும் அம்மாவும் சாப்பிட்டோம். அம்மா மாட்டுக்குப் போடலாமா என்று கேட்டார், சாஸ் உப்பு என்பதால் விட்டுவிட்டார்.

இந்த இடத்தில் இன்னொன்று. பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். பச்சைப் புள்ளி என்றால் சைவம், அவ்வளவுதான். பாலும் தேனும் அதற்குள் அடக்கம். அவசரத்துக்கு வாங்கிய ஒரு மசாலாப் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி முன்னால் இருந்தது, பால் பவுடர் பின்னால் பொடி எழுத்தில் இருந்தது. வீகன், அதாவது பாப்பா மாதிரி பால், தேன் உட்பட விலங்கிலிருந்து வரும் எதையும் தொடாத சாப்பாடு, அதற்குத் தனிக் குறி உண்டு. 2022-இல் அதற்கென்றே உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டிருக்கிறது: பச்சைக் கட்டத்துக்குள் வி எழுத்து, அதன்மேல் ஒரு சின்ன இலை. ஆனால் எல்லாப் பொருளிலும் அந்தக் குறி வருவதில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு பின்பக்கத்தைப் படிப்பதுதான் வழி. ஆய்ஸ்டர் சாஸ் என்று ஒன்று விற்கிறதே, அது பெயரில் இருப்பது போலவே சிப்பிச் சாறு. சோயா சாஸ் சோயாவும் கோதுமையும் புளித்தது, அதில் தொல்லை இல்லை.

மூன்றாவது சனி

வியாழக்கிழமை வாங்கிய டோஃபுவை மனைவி ஃப்ரீசரில் போட்டுவிட்டார். சனிக்கிழமை காலையில் எடுத்தால் கல் மாதிரி, நிறம் பழுப்பு மஞ்சள். கெட்டுப்போச்சு என்று நினைத்தேன். பாப்பா ஓசூர் தாண்டிவிட்டதாக போன் வந்துவிட்டது. கிருஷ்ணகிரிக்கு ஓடி வேறு வாங்க நேரமில்லை. வெந்நீரில் போட்டு வைத்தேன். இளகியதும் நிறம் திரும்ப வெளுத்தது. எடுத்து இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து அழுத்தினேன், கொடகொடவென்று தண்ணீர். டப்பா வேண்டாம், குழவி வேண்டாம். எடை போட்டால் 139 கிராம். எனக்கு நம்பிக்கை வரவில்லை, தராசை ஜீரோ செய்து மறுபடி வைத்தேன். அதே 139.

உறையும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாகி, சுற்றி இருக்கும் சதையை ஒதுக்கித் தள்ளிவிடுகிறது. இளகியதும் பனி இருந்த இடமெல்லாம் ஓட்டை. வெட்டினால் ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரி கண் கண்ணாக இருந்தது. இது நிஜமாகவே பஞ்சு. சாஸில் முக்கினால் உறிஞ்சுகிறது. சட்டியில் வெடிக்கவில்லை, ஒட்டவும் இல்லை. எண்ணெயை மட்டும் கொஞ்சம் அதிகமாகவே குடித்தது.

ஆனால் வாயில் போட்டால் வேறு பொருள். மெல்ல மெல்ல ரப்பர் மாதிரி இழுத்தது. "மீல்மேக்கர் மாதிரி இருக்குடா" என்று அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. பாப்பா "இது நான் சொன்னது இல்லப்பா" என்றாள். எனக்கும் பிரட்டலுக்கு இது சரியில்லை என்றே படுகிறது. மீதி இருந்ததை அம்மா ராத்திரி புளிக்குழம்பில் போட்டார். அது அபாரம். ஒவ்வொரு துண்டும் குழம்பைக் குடித்து உப்பியிருந்தது. குழம்புக்கு உறைய வைத்தது, வறுக்க அழுத்தியது. நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறேன்.

நான்காவது சனி

நெடுஞ்சாலை ஓரம் ஃபாஸ்ட் ஃபுட் கடை நடத்தும் ஒருவரின் எக்ஸாஸ்ட் ஃபேன் மோட்டார் என்னிடம்தான் வரும். டெலிவரி எடுக்க வந்தவரை நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார். "அண்ணா, எங்க அடுப்பு வேற, உங்க அடுப்பு வேற. எங்களுது ஹை பிரஷர். நீங்க வீட்டு அடுப்புல செய்யணும்னா சட்டி சூடு எறங்கவே கூடாது. ரெண்டு கைப்பிடிக்கு மேல ஒரே தடவைல போடாதீங்க. போட்டுட்டு நோண்டாதீங்க" என்றார். கூலியில் ஐம்பது ரூபாய் குறைத்துக்கொண்டேன்.

நோண்டாதே என்பதுதான் எனக்குக் கஷ்டம். சட்டியில் ஏதாவது கிடந்தால் கை தானாகக் கரண்டிக்குப் போகிறது. ஆனால் அவர் சொன்னது சரி. முதல் இரண்டு நிமிடம் டோஃபு இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. அடிப்பக்கம் தோல் கட்டியதும் தானே விட்டுவிடுகிறது. அதற்கு முன்னால் சுரண்டினால்தான் உதிரும். தோசையை நாம் அப்படித்தானே எடுக்கிறோம், வேகாத தோசையைக் கிளப்பப் பார்த்தால் என்ன ஆகும்?

எண்ணெயையும் மாற்றினேன். செக்கு எண்ணெய் சட்னித் தாளிப்புக்கு உயிர், இந்த வேலைக்கு ஆகாது. வெகு சீக்கிரம் நுரைத்துப் புகைகிறது. சுத்திகரித்த எண்ணெய் 220, 230 டிகிரி வரை தாங்கும். மனைவியின் நான்ஸ்டிக் சட்டியில் ஒட்டாதே என்று கேட்கலாம். வெறும் சட்டியாக அந்த அளவு காய வைத்தால் பூச்சு போய்விடும், அப்புறம் நானும் பட்டறையிலேயே படுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மேலே மாவு தூவினால் மொறுமொறுப்பு வரும் என்று பாப்பா சொல்லியிருந்தாள். சோள மாவு என்றாள். அம்மாவிடம் சோள மாவு கேட்டேன், டப்பாவை எடுத்துக் கொடுத்தார். புரட்டி வறுத்தால் மணல் மாதிரி நறநறவென்று இருந்தது. தப்பு அம்மா மேல் இல்லை. எங்கள் வீட்டில் சோள மாவு என்றால் ரொட்டிக்கு அரைக்கும் வெள்ளைச் சோளம். அவள் சொன்னது கடையில் கார்ன்ஃப்ளவர் என்று கிடைக்கும் வெள்ளை மாவு, மக்காச்சோளத்தின் ஸ்டார்ச் மட்டும். தொட்டால் கிறீச்சென்று சத்தம் வரும், அதுதான் அடையாளம். மீதி டோஃபுவை அம்மா யோசனைப்படி ராகி மாவிலும் புரட்டிப் பார்த்தேன். மொறுமொறுப்பு பரவாயில்லை. ஆனால் முதலிலேயே பழுப்பாக இருப்பதால் சிவந்ததா கருகியதா என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை.

அதே நாள் இன்னொரு சோதனை. அழுத்திய டோஃபுவில் பாதியைக் கொதிக்கும் உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்துத் துணியில் ஒற்றினேன், மீதியை அப்படியே வைத்தேன். எடையில் வித்தியாசம் பெரிதாக இல்லை. ஆனால் வெந்நீரில் கிடந்தது மேல்புறம் சீக்கிரம் உலர்ந்தது, உப்பும் கொஞ்சம் பிடித்தது. சப்பென்று இருப்பதற்கு ஊறவைப்பதைவிட இது மேல்.

ஐந்தாவது சனி

இந்த முறை பாப்பா வருவதற்கு முன்பே எல்லாம் தயார். டோஃபுவை முழுக் கட்டியாக அழுத்தி, 200-லிருந்து 172-க்குக் கொண்டுவந்து, விரல் கணு அளவுக்குத் துண்டு போட்டு, உப்பு வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு, துணியில் பரப்பி ஃபேனுக்குக் கீழே வைத்திருந்தேன். துண்டு போட்டபிறகு அழுத்தினால் முனை உடைகிறது, அதனால் அழுத்தியபிறகே வெட்டு.

காய் எங்கள் சந்தையிலேயே நன்றாகக் கிடைக்கும். குடைமிளகாய் கெலமங்கலம், தளி பக்கத்துப் பசுமைக்குடிலில் விளைந்து வருவது, தோல் கெட்டியாக இருக்கும். ஒரு குடைமிளகாய், ஒரு கேரட், ஒரு பிடி பீன்ஸ், இரண்டு பிடி கோசு, ஒரு பெரிய வெங்காயம். கேரட்டைத் தீக்குச்சி கனத்துக்கு, பீன்ஸைச் சாய்வாக, குடைமிளகாயையும் கோசையும் கட்டம் கட்டமாக. ராயக்கோட்டைத் தக்காளி வீட்டில் கூடையாக இருந்தது, தொடவில்லை. தக்காளி போட்டால் மறுபடி கூட்டு. கழுவிய காயையும் துணியில் ஒற்றி எடுத்தேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். "கொழந்தைக்குத் தொவட்டற மாதிரி தொவட்றான்" என்றார்.

சாஸைத் தனிக் கிண்ணத்தில் முன்கூட்டியே கலந்துவிட்டேன். அடுப்பு எரிய ஆரம்பித்தபின் டப்பா தேட நேரமிருக்காது. சோயா சாஸ் ஒன்றரை மேசைக்கரண்டி, கெட்டியான புளிக்கரைசல் ஒரு மேசைக்கரண்டி, வெல்லம் அரைத் தேக்கரண்டி, இடித்த காய்ந்த மிளகாய், தண்ணீர் மூன்று மேசைக்கரண்டி, அதில் கார்ன்ஃப்ளவர் ஒரு தேக்கரண்டி. கடைகளில் வினிகர் ஊற்றுகிறார்கள். இந்த ஜில்லாவில் சாலை ஓரமெல்லாம் புளியமரம் நிற்கும்போது வினிகர் எதற்கு? தேனுக்குப் பதில் வெல்லம். உப்பு தனியாகப் போடவே இல்லை, சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியிலேயே இரண்டு கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. கார்ன்ஃப்ளவர் அடியில் போய் உட்கார்ந்துவிடும், ஊற்றும் முன் ஒரு கலக்குக் கலக்க வேண்டும்.

பாப்பா கைகால் கழுவிக்கொண்டு வந்தாள். "டைம் வச்சுக்கோ" என்றேன். போனை எடுத்துக்கொண்டாள்.

வெறும் வாணலியைப் பெரிய பர்னரில் காய வைத்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் உருண்டை உருண்டையாக ஓட வேண்டும், அது பதம். எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, சட்டியைச் சுழற்றி எல்லாப் பக்கமும் படவிட்டேன். டோஃபுவைக் கார்ன்ஃப்ளவரில் புரட்டுவதை அந்த நொடியில்தான் செய்தேன், முன்னாடியே புரட்டி வைத்தால் ஈரத்தை இழுத்துப் பசை ஆகிவிடும். ஒன்றோடொன்று தொடாமல் வைத்தேன். வெடிக்கவில்லை. சின்னதாக 'சொய்ய்' என்று ஒரே சீரான சத்தம். சத்தத்திலேயே தெரிந்துவிட்டது, பேரிங் மாற்றிய மோட்டார் ஓடுவது மாதிரி. கையைக் கட்டிக்கொண்டு மூன்று நிமிடம் நின்றேன். ஒரு துண்டைத் தள்ளிப் பார்த்தேன், நகர்ந்தது. திருப்பினால் அடியில் பொன்வறுவல் நிறம். மொத்தம் ஏழு நிமிடம், தட்டில் எடுத்துவிட்டேன்.

அதே சட்டியில் இன்னும் கொஞ்சம் எண்ணெய், தட்டிய பூண்டு, இஞ்சி. இருபது நொடி, அதற்கு மேல் போனால் பூண்டு கசக்கும். முதலில் கேரட்டும் பீன்ஸும், இரண்டு நிமிடம். அதை எடுத்துத் தட்டில் போட்டுவிட்டு வெங்காயம், குடைமிளகாய், கோசு, அது ஒன்றரை நிமிடம். இரண்டு தவணையாகப் போட்டதில் சட்டி சூடு இறங்கவே இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அடியில் நிற்கவில்லை. எல்லாக் காயையும் சேர்த்து, சாஸைக் கலக்கி ஓரமாக ஊற்றினேன். ஊற்றியதும் பால் மாதிரி கலங்கலாக இருந்தது, கொதி வந்ததும் கண்ணாடியாகப் பளபளத்துக் காயைப் பிடித்துக்கொண்டது. அப்போதுதான் டோஃபு. இரண்டு புரட்டு, அடுப்பை அணைத்தேன். வெங்காயத்தாள் தூவினேன்.

"பதிமூணு நிமிஷம் நாப்பது செகண்ட்" என்றாள் பாப்பா.

அழுத்தியது அரை மணி, வெந்நீரும் ஃபேன் காற்றும் இருபது நிமிடம், நறுக்கியது இருபது நிமிடம். அதையெல்லாம் அவள் கணக்கில் எடுக்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. அவள் அறையில் யாரோ ஒரு தோழி இதையெல்லாம் முன்கூட்டியே செய்து வைத்திருப்பாள், இவள் வந்து நாலு கிளறு கிளறியிருப்பாள். பட்டறையிலும் அப்படித்தான். மோட்டார் சுவிட்ச் போட்டதும் ஓடுவதைத்தான் வாடிக்கையாளர் பார்க்கிறார்.

சாமைச் சோறு வடித்து ஆற வைத்திருந்தேன், அதோடு சாப்பிட்டோம். டோஃபு கடித்தால் மேலே மொறுக்கென்று, உள்ளே மிருது. உப்பு, புளிப்பு, வெல்லம் மூன்றும் மேல்தோலில் ஒட்டியிருந்தன. எனக்குக் காரம் கொஞ்சம் போதவில்லை. பாப்பா இரண்டாம் தடவை போட்டுக்கொண்டாள், ஒன்றும் சொல்லவில்லை, தட்டைப் பார்த்தாலே போதும். அம்மா களி உருண்டையில் குழி செய்து சாஸை ஊற்றிக்கொண்டார். களிக்கு அது அவ்வளவு பொருந்தும் என்று எனக்குத் தோன்றியிருக்காது. சாப்பிட்டுவிட்டு "இதுல கொஞ்சம் வெண்ணெய் போட்டா" என்று ஆரம்பித்தார். பாப்பா "ஆயா" என்று ஒரு சத்தம் போட்டாள். நிறுத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இன்னொரு பாக்கெட் செய்து, சூடாக டிபன் பாக்ஸில் போட்டு, மூடியை இறுக்கி, பஸ் ஏற்றிவிட்டேன். ஒன்பது மணிக்கு எலக்ட்ரானிக் சிட்டி தாண்டும்போது போன் வந்தது.

"அப்பா, எல்லாம் சொதசொதன்னு ஆயிடுச்சு. மூடி உள்பக்கம் பூரா தண்ணி."

ஆவி. அத்தனை பாடுபட்டு வெளியேற்றியதை நானே மூடி போட்டு உள்ளே பூட்டியிருக்கிறேன். நோட்டை எடுத்து எழுதினேன்: ஆறவிட்டு மூடவும், சாஸ் தனி டப்பா. கீழே தேதி.